சுருட்டிய இலைக்குள் பார்த்தது

2012-இல் இலங்கையின் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிது. ஏழாம் நம்பர் மலையில் (தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் மலை என்போம்) கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, நூல் போட்டுத் தைத்த மாதிரி ஒட்டிக்கிடந்த இரண்டு இலைகளைக் காட்டினார். இலை சுருட்டும் புழுவின் வேலை. மருந்து அடிக்கச் சொல்லிவிடலாம் என்று கொப்பியை எடுத்தேன். “அவசரப்படாதீங்க ஐயா, பிரிச்சுப் பாருங்க” என்றார். பிரித்தால் உள்ளே புழுவின் வெறும் தோல்தான், பக்கத்தில் சின்னச் சின்னக் கூடுகள் கொத்தாக. “அந்தக் குட்டிக் குளவி தின்னுட்டுப் போயிருச்சு. எங்க அம்மா காலத்துலயே இப்படித்தான்.”

அன்று இரவு குவார்ட்டர்ஸில் பழைய தேயிலைக் கைநூல்களைப் புரட்டினேன். அந்தக் குளவியின் பெயர் மேக்ரோசென்ட்ரஸ். இது இந்த மண்ணில் பிறந்ததும் இல்லை, 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும், குஞ்சுகள் உள்ளிருந்து தின்று வெளியே வரும். வந்த சில வருடங்களிலேயே புழுவை அடக்கிவிட்டது. அப்புறம் 1950களில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு என்று டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். வண்டோடு சேர்ந்து குளவியும் செத்தது, அடங்கிக் கிடந்த புழு மறுபடி மலை மலையாகக் கிளம்பியது. இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் மறுநாள் காலை நான் செய்ய இருந்ததும் அதே வேலைதான்.

எங்களுக்குச் சொல்லித் தந்த நல்ல மலை என்பது சுத்தமான மலை. தேயிலைத் தூருக்கும் தூருக்கும் நடுவில் ஒரு புல் இருக்கக்கூடாது, செம்மண் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்படி வைத்திருந்ததற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும், பூ இல்லாத இடத்தில் அது எங்கே கிடைக்கும்? அதோடு, ஒரு பெரிய மழை பெய்தால் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) எல்லாம் மேல்மண்ணால் நிரம்பிவிடும், அடுத்த நாள் ஆள் போட்டு அள்ளுவோம், அள்ளிய மண்ணில் ஒரு மண்புழு இருக்காது.

2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குத் தடை வந்தது. முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் வந்ததால் புல்வெட்டுக்கு ஆள் போதாமல் திணறினோம், அந்தச் சுமை பெண்கள் தலையில்தான் விழுந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். இருந்தாலும் வெட்டிய புல்லை அப்படியே தூரடியில் போட்ட இடங்களில், இரண்டாம் வருடம் கையால் கிளறினாலே மண் பொலபொலவென்று வந்தது.

2016 கடைசியில் தொடங்கி 2017 வரை நீண்ட வரட்சிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஏழாம் நம்பர் மலையில் முள்முருக்கும், சவுக்கு என்று நாங்கள் சொல்லும் கிரவில்லியாவும் நிழலுக்கு நின்றன. முள்முருக்கின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கும், வெட்டிப் போடும் தழை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பத்தாம் நம்பரில் நிழல் மரங்களை எனக்கு முன்பே விறகுக்கு வெட்டியிருந்தார்கள். ஒரே ரகம், ஒரே வருடம் நட்டது, ஒரே உரம். பத்தாம் நம்பரில் இலை கருகி, தூர்கள் வரிசையாகச் செத்தன. ஏழில் கொழுந்து குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதே வரட்சியில், மேலே ஓடையோரம் ஒரு துண்டுக் காடு மிச்சமிருந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலித் தண்ணீர், அதாவது ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர், ஒழுகிக்கொண்டிருந்தது. காட்டை வெட்டி, டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரம் நட்ட பக்கத்து லயத்தில் பீலி வற்றிப்போய், பிள்ளைகள் குடத்தோடு இங்கே நடந்து வந்தார்கள்.

பத்தாம் நம்பரில் இப்போது மானாப்புல் போட்டிருக்கிறோம். மறுநடுகைக்கு முன் மண் தேற ஒன்றரை, இரண்டு வருடம் வேண்டும். அந்த இடத்தில் கொழுந்து நிறுவை பூச்சியம் என்று மாதாமாதம் கேள்வி வருகிறது. நான் மழைக்குப் பிறகு கானில் ஓடும் தண்ணீரைப் படமெடுத்து அனுப்புகிறேன். போன மாதம் எடுத்ததில் தண்ணீருக்கு அடியில் கல் தெரிந்தது.