எலுமிச்சம்பழத்தில் ஏறிய வண்டி

2025 பிப்ரவரி 12, புதன்

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. தஞ்சாவூர் ஷோரூமில் சாவியை வாங்கும்போது மீட்டரில் 38 கிலோமீட்டர். வெள்ளை நிறம், பெட்ரோல், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வகை. எல்லாம் சேர்த்து 7 லட்சத்து 85 ஆயிரம். அதில் 5 லட்சம் என் பெயரில் கடன். போன வருட ஸ்டாக் என்பதால் 40 ஆயிரம் தள்ளுபடி கொடுத்தார்கள். தயாரிப்பு மாதம் ஆகஸ்ட் 2024. அப்படியானால் ஆறு மாதம் யார்டில் வெயிலில் நின்ற வண்டி. அரிசி பழையதாக ஆக நல்லது என்பார்கள். கார் எப்படியோ தெரியவில்லை.

கும்பகோணம் வந்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அம்மா முன்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டாள். மூட்டு வலிக்கு ஆட்டோவில் ஏறி இறங்கிச் சலித்தவள். இனி இதுதான் உன் சீட் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டனை அழுத்தினால் டிக் டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம். ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று நாளாக எடுக்காத வண்டி. பள்ளிக்கு நான் ஸ்கூட்டரில்தான் போகிறேன், கார் வாரத்துக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. சாலையோர உதவி எண்ணுக்குப் போன் செய்ததும் ஒரு பையன் ஒயருடன் வந்து, வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்பினான். திரையில் கடிகாரம் 1:00 காட்டியது. ரேடியோவில் பதிந்து வைத்த நிலையங்கள் எல்லாம் அழிந்துவிட்டன.

“உள்லைட்டை அணைக்காம விட்டிருப்பீங்க மேடம்” என்றான். நான் விடவில்லை. ஆனாலும் ராத்திரி படுத்த பிறகு, விட்டிருப்பேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இப்படிச் சொல்லிச் சொல்லியே நம் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போனேன். போக 40 கிலோமீட்டர், வர 40. என் வீட்டுக்காரரும் கூட வந்தார். சர்வீஸ் அட்வைசர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “சார், வண்டி எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஓடுது?” என்று எல்லாக் கேள்வியும் அவரிடம்தான். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. “வண்டி அவங்களோடது, அவங்ககிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டார்.

பேட்டரியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் நின்றதால் வீக் ஆகிவிட்டது என்று வாரண்டியில் புதிது போட்டார்கள். நியாயமான காரணம்தான். சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி உள்ளே கெட்டுப்போகும் என்று நானே எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

“கால் ஈரமா இருக்குடி” என்றாள் அம்மா. தொட்டுப் பார்த்தேன், மிதியடிக்குக் கீழே கார்ப்பெட் சொதசொத என்றிருந்தது. மழை இல்லை. பாட்டில் எதுவும் கவிழவும் இல்லை. ஊறவைத்த துணியை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை.

ஏப்ரல் 19, சனி

சர்வீஸ் சென்டர். கார்ப்பெட்டைச் சுத்தம் செய்து, வாசனை அடித்து, “தண்ணி கொட்டியிருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். ஜாப் கார்டில் ‘இன்டீரியர் கிளீனிங்’ என்ற ஒரே வரி. அதற்கு 650 ரூபாய் பில்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து மூன்றாம் நாள். தம்பி மகன் காதணி விழாவுக்காக மூன்று நாள் சென்னையில் இருந்துவிட்டு, உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை கும்பகோணத்தில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த கார் கதவையே திறக்கவில்லை. ரிமோட் வேலை செய்யவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியைப் பிதுக்கி எடுத்துத் திறந்தால், உள்ளே ஒரு லைட் கூட எரியவில்லை. புதுப் பேட்டரி போட்டு ஆறு வாரம்தான் ஆகிறது.

அம்மாவைப் பிளாட்பார பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். மூன்று மாதம் முன்னால் ‘இனி ஆட்டோவே வேண்டாம்’ என்று சொன்ன அதே அம்மாவை. ஆட்டோக்காரர் நம் காரைப் பார்த்துவிட்டு, “புது வண்டியாம்மா? கண்ணு பட்டிருக்கும், பூசணிக்கா சுத்திப் போடுங்க” என்றார். அம்மா உடனே ஆமாம் என்று தலையாட்டினாள்.

மே 12, திங்கள்

லாரியில் ஏற்றிக்கொண்டு போன வண்டி நாலு நாள் கழித்து வந்திருக்கிறது. ‘ஆல்டர்னேட்டர் சரி, சாப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவி. சாப்ட்வேர் என்ற சொல்லுக்கு முன் நாம் எல்லோரும் வாய் மூடிவிடுகிறோம்.

மே 22, வியாழன்

மாமியார் இன்று ஒரு விஷயம் சொன்னார். ராத்திரி இரண்டு மணி வாக்கில் போர்ட்டிகோவிலிருந்து ‘டக்’ என்று சத்தம் வருகிறதாம், கார் கதவு பூட்டுகிற மாதிரி. ஒரு மாதமாகக் கேட்கிறதாம். “ஏன் அத்தை சொல்லவே இல்ல?” என்றேன். “பூனைன்னு நெனச்சேம்மா” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

நாலாவது முறை. இனி தஞ்சாவூருக்குப் போன் செய்வதில்லை என்று முடிவு செய்து, கடைத்தெருவில் இருக்கிற பேட்டரிக் கடை பாயைக் கூட்டி வந்தேன். அவர் மகள் என்னிடம் படித்தவள். “டீச்சர், நான் எதையும் கழட்ட மாட்டேன், வாரண்டி வண்டி. அளந்து மட்டும் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார்.

முதலில் சார்ஜர் போட்டு ஓரளவு ஏற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயருக்கு நடுவில் மீட்டரைக் கோத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, பூட்டின் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடினார். கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நம்ப வேண்டுமாம். அப்புறம் அரைமணி நேரம் சும்மா இருந்தோம். எஞ்சினை நிறுத்திய உடனே கார் தூங்கிவிடுவதில்லை, உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத்தான் அடங்கும் என்றார். டீ குடித்தோம். மீட்டர் 0.38 ஆம்பியரில் நின்றது, இறங்கவே இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

கணக்கை நானே போட்டேன். ஒரு நாளைக்கு 24 மணி, அதாவது 9 ஆம்பியர் மணி சொச்சம். பேட்டரி 35 ஆம்பியர் மணி. மூன்று நாளில் 27 காலி. வண்டி மூன்று நாள் நின்றால் ஏன் செத்துப்போகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பேட்டரியில் குறையே இல்லை. குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கதவுப் பூட்டுக்கும் உள்விளக்குக்கும் போகிற ஃப்யூஸை எடுத்ததும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. “இந்த லைன்ல ஏதோ ஒண்ணு தூங்க மாட்டேங்குது டீச்சர்” என்றார். கதவுப் பூட்டு என்றதும் எனக்கு மாமியாரின் பூனை ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கியாவது தண்ணி கிண்ணி எறங்குதா?” என்று கேட்டார்.

அம்மாவின் ஈரக்கால்.

ஏசி ஓடும்போது உள்ளே சேருகிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நம் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஈரத்தை நான் பார்த்ததே இல்லை. எஞ்சினைப் போட்டு, ஏசியை இருபது நிமிடம் ஓட விட்டு, இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். சிமென்ட் தரை காய்ந்தே கிடந்தது.

காசு வேண்டாம் என்றார். வற்புறுத்தி 300 கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பாய் ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த எண்களோடு போனேன். இந்தத் தடவை தனியாக. “வெளியில காட்டினீங்களா? வாரண்டி போயிடும் மேடம்.” அளந்து பார்த்தால் வாரண்டி போகும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கையேட்டை நீட்டினேன். அவர் புரட்டவில்லை.

ஜாப் கார்டில் வழக்கம்போல ‘பேட்டரி செக்’ என்று டைப் செய்தார். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். நான் சொல்கிறபடி எழுதுங்கள் என்றேன்: மூன்று நாள் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை, இரவில் கதவுப் பூட்டு தானாக இயங்குகிறது, இடது முன்பக்கம் கார்ப்பெட் நனைகிறது, ஏசி தண்ணீர் கீழே வருவதில்லை. அந்தக் கட்டத்தில் அவ்வளவு எழுத இடம் இல்லையாம். இடம் வரும்வரை நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்றேன். முக்கால் மணி நேரத்தில் இடம் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

ஆனாலும் இன்றே ‘குறை தென்படவில்லை’ என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ராத்திரி நிறுத்தினால் எப்படித் தென்படும்?

ஜூன் 15, ஞாயிறு

சிங்கப்பூரில் இருக்கிற சின்னத் தம்பியிடம் வீடியோ காலில் புலம்பினேன். இப்படித் தொடர்ந்து மக்கர் செய்கிற புது வண்டிக்கு அமெரிக்காவில் எலுமிச்சை என்றுதான் பெயராம். அதற்கென்று தனிச் சட்டம், 1982-ல் முதலில் கனெக்டிகட் மாநிலத்தில் வந்ததாம். சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவன்தான் நிரூபிக்க வேண்டும். நாங்கள் நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை ஏற்றியிருக்கிறோம் என்று அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கழித்து.

நம் ஊரில் தனிச் சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். சக ஆசிரியையின் கணவர் வக்கீல், அவரிடம் கேட்டேன். புது வண்டியே வேண்டும் என்று நினைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு பாகத்தை மாற்றினால் சரியாகிற குறைக்கு முழு வண்டியை மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறதாம். ஆனால் செலவு, அலைச்சலுக்கு நஷ்டஈடு கேட்கலாம். குறை வெளிப்பட்டு இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். கார்ப்பெட்டுக்கு வாசனை அடித்ததே 650!

ஜூன் 21, சனி

கம்பெனி தலைமை அலுவலகத்துக்கும் டீலருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். நாலு ஜாப் கார்டு நகல், தேதிவாரியாக ஒரு பக்கம், பாயின் எண்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொண்டேன். தமிழிலேயே பேச முடிந்தது.

கடிதத்தில் கோபமாக எழுதியிருந்த இரண்டு பத்திகளை என் வீட்டுக்காரர் அடித்துவிட்டார். எனக்கு அவைதான் பிடித்திருந்தன.

ஜூலை 4, வெள்ளி

கம்பெனியிலிருந்தே ஓர் இன்ஜினியர் வந்தார். முப்பது வயது கூட இருக்காது. தேதிப் பட்டியலைப் படித்துவிட்டு, “கார்ப்பெட் ஈரம்னு தனி ஜாப் கார்டுல இருக்கு, அதை யாரும் இதோட சேர்த்துப் பாக்கல மேடம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்வைசர் சுவரைப் பார்த்தார்.

இடது சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினார்கள், நானும் நின்று பார்த்தேன். ஏசியின் வடிகுழாய் தன் மூக்கில் சரியாக மாட்டாமல் நழுவிக் கிடந்தது, தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்க வேண்டும். தண்ணீர் முழுக்க உள்ளேதான் இறங்கியிருக்கிறது. கீழே கதவோரம் ஓடும் ஒயர்க் கட்டில் ஒரு கனெக்டர். அதைப் பிரித்ததும் உள்ளே பச்சைக் களிம்பு, கோயில் குத்துவிளக்கில் படிகிற அதே களிம்பு. ஈரத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கரண்ட் கசிந்து, யாரோ கதவைத் தொடுகிறார்கள் என்று வண்டி ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், அதுவும் தூங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

அந்தப் பக்கத்து ஒயர்க் கட்டு முழுதும் புதிது. வடிகுழாய்க்கு ஒரு கிளிப். கார்ப்பெட்டும் புதிது. ‘முழு திருப்தி’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அதை அடித்துவிட்டு, ‘மேற்கண்ட பாகங்கள் மாற்றப்பட்டதைப் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மின்சாதனங்களுக்கு ஒரு வருடம் கூடுதல் வாரண்டி தருகிறோம் என்று வாயால் சொன்னதை லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டேன். 650 ரூபாயும் திரும்ப வந்தது. ஆணையத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஃபைல் பத்திரமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வேண்டுமென்றே ஏழு நாள் வண்டியைத் தொடவில்லை. இன்று மாலை பாயை வரச் சொல்லி, அவர் முன்னால் பட்டனை அழுத்தினேன். ஒரே அழுத்தில் கிளம்பியது. கடிகாரமும் சரியாக 5:40 காட்டியது. ஏசியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் சிமென்ட் தரையில் ரூபாய் அளவுக்கு ஈரம். பாய், “இதுக்கா டீச்சர் அஞ்சு மாசம்?” என்றார்.

சுவாமிமலை வரை ஒரு ரவுண்டு போய் வந்தோம். ஏறும்போது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கார்ப்பெட்டை ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.