குறுக்கு விசாரணைக்கு ஒரு டீக்கடை சாட்சி

பிப்ரவரி 3, 2025, திங்கள்

சட்ட மாணவர்களுக்கான தேசிய அளவிலான விசாரணை வாதப் போட்டிக்கு எங்கள் மூவர் பெயரும் போய்விட்டது. "மூட் கோர்ட்தானே, போன வருஷமும் போனியே" என்கிறார் அம்மா. மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டியில், நடந்தது என்ன என்பதில் சண்டையே கிடையாது. சட்டம் என்ன சொல்கிறது என்று மேல்முறையீட்டில் பேசுவதுபோலப் பேசிவிட்டு வரலாம். இந்தப் போட்டியில் சாட்சி கூண்டில் ஏறுவார். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, ஆட்சேபணை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 1975லிருந்தே மாணவர்களுக்கு இப்படி ஒரு தேசியப் போட்டி நடக்கிறது.

கொடுத்திருக்கும் கற்பனை வழக்கு: இரவு ஒன்பதரை மணி, பேருந்து நிழற்குடையில் கத்திக்குத்து. நேரில் பார்த்த ஒரே சாட்சி எதிரே டீக்கடை வைத்திருப்பவர். நாங்கள் எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு.

பிப்ரவரி 8, சனி

வகுப்புத் தோழர்களைச் சாட்சியாக நிறுத்தினால் எல்லோரும் சமர்த்தாக "ஆமாம்", "இல்லை" என்கிறார்கள். அதனால் காட்பாடியில் நாங்கள் டீ குடிக்கும் கடை அண்ணனையே கேட்டோம். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் நிதானமாக உட்கார்ந்தார்.

"சம்பவத்தப்போ கடையில வியாபாரம் நடந்துட்டு இருந்தது, சரிதானே?"

"வியாபாரம்னா... அன்னிக்கு பால் லேட்டு தம்பி. அந்த பால்காரன் இருக்கானே..."

அவ்வளவுதான். குறுக்கு விசாரணை பால்காரனோடு போய்விட்டது. ஒரு கேள்விக்குள் ஒரே ஒரு விஷயம் இருந்தால்தான் அண்ணனை நிறுத்த முடிகிறது. "கடைக்கும் நிழற்குடைக்கும் நடுவே ரோடு இருக்கிறது." "ஆமாம்." "ரோட்டில் பஸ் நின்றிருந்தது." "ஆமாம்." இதற்கு மேல் "அப்புறம் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அண்ணன் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்ததாகச் சொன்னாலும் சொல்வார்.

பிப்ரவரி 12, புதன்

வேலூர் சாத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என்று இரண்டு வழக்குகளின் விசாரணையைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்பது பார் கவுன்சில் பாடத்திட்டத்திலேயே உண்டு. பலர் யாரோ எழுதிய நோட்டைப் பார்த்து எழுதி ஒப்பேற்றிவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, சினிமாவில் வருகிற சத்தம் இங்கே துளியும் இல்லை. வக்கீல் கேட்கிறார், சாட்சி முணுமுணுக்கிறார், "நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல" என்று தட்டச்சில் ஏறுகிறது. அடுத்த கேள்வி.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டாலும், அதற்கு முன்பே விசாரணை தொடங்கிய வழக்குகள் 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டப்படியே நடக்கின்றன. சாட்சியின் முந்தைய வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யும் பிரிவு சீனியர்கள் வாயில் பழைய எண்ணான 145, எங்கள் வழக்குக் கட்டில் புதுச் சட்டத்தின் 148.

பிப்ரவரி 19, புதன்

இன்று முழுக்க வெளிச்சத்தோடுதான் மல்லுக்கட்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்ததாகச் சாட்சி நீதிமன்றத்தில் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். போலீஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் விளக்கு என்ற பேச்சே இல்லை. சம்பவ இடத்தைப் போலீஸ் வரைந்த வரைபடத்தில் விளக்குக் கம்பமும் இல்லை.

உடனே வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டி "பொய் சொல்கிறீர்கள்" என்று கத்தத் தோன்றும். அது எடுபடாது. அந்த வாக்குமூலம் சாட்சியமே அல்ல, அதில் சாட்சியின் கையெழுத்துகூட வாங்கக் கூடாது. முரண்பாட்டைக் காட்ட மட்டுமே எதிரி தரப்பு அதைப் பயன்படுத்தலாம். சொல்லாமல் விட்டது முக்கியமான விஷயமாக இருந்தால் அதுவும் முரண்பாடாகலாம். 1959இல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அலசியிருக்கிறது.

ஆக, வேலை இரண்டு கட்டம். முதலில் சாட்சியிடம்: "விளக்கு வெளிச்சத்தைப் பற்றி போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை." அவர் "சொன்னேன்" என்பார். சண்டை போடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது: "இந்தச் சாட்சி உங்களிடம் விளக்கு பற்றிச் சொன்னாரா?" "சொல்லவில்லை." இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால் முதல் கேள்வி வீண். போலீஸ் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று அரசு தரப்பு எளிதாகச் சொல்லிவிடும்.

எனக்கு இதுதான் இந்தப் போட்டியிலேயே பிடித்த இடம்.

பிப்ரவரி 28, வெள்ளி

போட்டிக்காகக் காட்பாடியிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூரு. ஆம்பூர் தாண்டும்வரை பிரியாணிப் பேச்சு, ஜோலார்பேட்டைக்கு அப்புறம் ஆட்சேபணைப் பயிற்சி. எதிர் சீட்டுப் பெரியவர் "யாரைப்பா குத்துனாங்க?" என்று கவலையோடு கேட்டார்.

மார்ச் 1, சனி

முதல் சுற்று. எதிரணியின் டீக்கடைச் சாட்சி நல்ல நடிகை. எதிர்பார்த்தபடியே விளக்கு வந்தது, போதாததற்கு கடை பல்பும் சேர்ந்து எரிந்தது! கொடுத்த வாக்குமூலத்தில் இல்லாததைச் சாட்சி புதிதாகச் சேர்த்தால் மதிப்பெண் போகும் என்பது போட்டி விதி. ஆனால் நீதிபதியிடம் புகார் சொல்வதைவிட அதிகாரி வரும்வரை காத்திருப்பது மேல் என்று முடிவு செய்தோம்.

அதிகாரியிடம் கேட்டது நான்கே கேள்வி. தெருவிளக்கு பற்றிச் சொன்னாரா, பல்பு பற்றிச் சொன்னாரா, வரைபடம் நீங்கள் போட்டதா, அதில் கம்பம் உண்டா. உட்கார்ந்துவிட்டேன். தொகுப்புரையில் அந்த இருட்டைத் தோழி பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

காலிறுதியில் தோற்றோம். அங்கே எங்களுக்கு அரசு தரப்பு. சாட்சியாக நடித்த எங்கள் ஆள், "வழிகாட்டும் கேள்வி" (பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடும் கேள்வி) என்ற ஆட்சேபணையில் இரண்டு முறை தடுமாறிவிட்டான். வென்ற அணி நன்றாகவே செய்தது.

ஊருக்கு வந்ததும் டீக்கடை அண்ணனுக்குப் போன் போட்டோம். "நான் வந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க தம்பி" என்றார். எந்தத் தரப்புக்கு என்று கேட்டதற்கு, பால்காரன் கதைக்குப் போய்விட்டார்.