அம்மாவின் கைநாட்டு

நாங்கள் மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் மரண சகாய நிதி என்று ஒன்று இருந்தது. சம்பள நாளில் வீட்டுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). யாராவது தவறிவிட்டால் பாடை, மேளம், பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கும். சுங்கை சிப்புட்டில் தாமான் என்கிற குடியிருப்பில் வீடு வாங்கி வந்தபிறகும் அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை. இங்குள்ள கோயில் நிதியில் சேர்ந்து மாதம் 10 வெள்ளி கட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய காரியச் செலவுக்குப் பணம் இன்றைக்கும் தயாராக இருக்கிறது. ஆனால் 4 வருடமாக அவர் நோயாளியாக இருக்கிறாரே, இந்தச் செலவுக்கு எங்கள் வீட்டில் யாருமே ஒரு காசு எடுத்து வைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. 13 வயதில் பால்மரம் வெட்டப் போனவர், 55இல்தான் கத்தியைக் கீழே வைத்தார். அப்போது கைக்கு வந்த, சம்பளத்தில் பிடித்துவைத்த ஊழியர் சேமநிதிப் பணம் 31 ஆயிரம் வெள்ளி இந்த வீட்டை வாங்கும்போது கரைந்துபோனது. அப்புறம் வீட்டு வேலை, கோயில் சமையல் என்று செய்து வங்கியில் 18 ஆயிரம் சொச்சம் சேர்த்து வைத்திருந்தார். 2021 நவம்பரில் பக்கவாதம். அதிலிருந்து எழுந்து நடந்தார். அடுத்த வருடக் கடைசியில் ஞாபகம் தப்ப ஆரம்பித்தது.

அந்தப் பணத்தை எடுக்க நாங்கள் போன நாளை என்னால் மறக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வங்கிக்கு அழைத்துப் போனோம். அடையாள அட்டையான ஐசியைப் போட்டு, கருவியில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. 42 வருடம் கத்தி பிடித்த விரல், பாலுக்கு ஊற்றும் ஆசிட்டில் ஊறிய விரல், அதில் ரேகை எங்கே இருக்கும்? சரி, பெயரைச் சொல்லுங்கள் பாட்டி என்று அந்த அதிகாரிப் பெண் கேட்டாள். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, “கிராணி ஐயா இன்னும் வரலியா?” என்றார். சம்பளம் வாங்கத் தோட்ட ஆபீசில் நிற்பதாக நினைத்துவிட்டார்.

பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பெண் செய்தது சரிதான். யார் வேண்டுமானாலும் ஒரு கிழவியைக் கூட்டிவந்து கணக்கைத் துடைத்துப் போய்விட முடியும் என்றால் அதுதான் பெரிய ஆபத்து.

“முன்பே அம்மா சார்பில் செய்ய அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வாங்கியிருக்கலாமே” என்று எல்லாரும் சொன்னார்கள். ஈப்போவில் ஒரு லாயரிடம் கேட்டபிறகுதான் அதுவும் உதவியிருக்காது என்று தெரிந்தது. எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் நம் நாட்டில் அந்தப் பத்திரம் செல்லும். ஞாபகம் போனபிறகும் தொடரும்படி முன்கூட்டியே அதிகாரம் எழுதிவைக்க இங்கே சட்டத்தில் வழி இல்லை. அப்படி ஆகிவிட்டால், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, மருத்துவர் அறிக்கை கொடுத்து, அவர் சார்பில் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றமே ஆளை நியமிக்க வேண்டும். லாயர் கேட்ட கட்டணம் 9 ஆயிரம். அம்மாவின் சேமிப்பில் பாதி.

அடுத்தது வீடு. அது அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா 2009இல் தவறினார், உயில் எழுதவில்லை. “இருந்துட்டுப் போகட்டும், யார் வந்து கேட்கப் போறா” என்று நாங்களும் விட்டுவிட்டோம். 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கணக்கைத் தெளிவாகவே சொல்கிறது. அப்பாவைப் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இல்லை. எனவே அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகள் 4 பேருக்கும் சமமாக. அன்றே நில அலுவலகத்தில் பங்கு பிரித்துத் தரக் கேட்கும் பாரம் ஏ கொடுத்திருந்தால் ஒரு விசாரணையோடு முடிந்திருக்கும், லாயர்கூடத் தேவைப்பட்டிருக்காது. சிறு சொத்து என்று இந்த வழியில் எடுத்துக்கொள்ளும் வரம்பு 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் வெள்ளி. எங்கள் ஊரில் அதைத் தாண்டும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

நாங்கள் காத்திருந்தோம். 2016இல் பெரியண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய ஆறில் ஒரு பங்கு இப்போது நான்கு துண்டு. அண்ணிக்கு ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொன்று, நான்காவது அம்மாவுக்கு. பிள்ளை இறந்தால் பெற்றவருக்கும் பங்கு உண்டு என்று அண்ணியிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே அன்றுதான் தெரியும். சின்னவனுக்கு இப்போது 16 வயது, அவன் கையெழுத்து செல்லாது. அம்மாவின் கைநாட்டும் செல்லாது. வீட்டை விற்று அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் எல்லாருக்கும் மனம் இருக்கிறது, விற்க வழி இல்லை.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று நான் தங்கச்சியிடம் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையில் ஓவர்டைமோடு 1,900 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தவள், வேலையை விட்டு 26 மாதம் அம்மாவோடு இருந்தாள். குளிப்பாட்டினாள், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள், அம்மா நடமாடிய நாட்களில், தோட்டத்து விடியற்காலை ஆள் கணக்கெடுப்பை நினைத்து இரவில் “பெரட்டுக்கு நேரமாச்சு” என்று எழுந்து கதவைத் தள்ளும் அம்மாவைப் பிடித்துப் படுக்கவைத்தாள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 50 ஆயிரம் வெள்ளிச் சம்பளம் போயிருக்கிறது, அதற்கான சேமநிதியும் போனது. நானும் தம்பியும் மாதம் ஆளுக்கு 300 கொடுத்துவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக நினைத்திருந்தோம். அவள் இடுப்பு பிடித்து விழுந்த அன்றுதான் புத்தி வந்தது. இப்போது அவள் பெயரில் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் மாதம் 100 வெள்ளி போடுகிறோம். முதலாளி இல்லாதவர்கள் தாங்களாகவே கட்டும் திட்டம் அது, அரசாங்கமும் கொஞ்சம் சேர்த்துப் போடுகிறது. அவள் செய்ததற்கு இது ஈடாகாது.

அம்மா இப்போது ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் 2,300, பெம்பர்ஸும் பால்மாவும் சேர்ந்தால் 2,800. தம்பி சிங்கப்பூரில் வேலை செய்வதால் தாக்குப்பிடிக்கிறோம். தைப்பிங்கில் அரசாங்கத்தின் ரூமா செரி கெனாங்கான் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். அது ஆதரவு இல்லாத, ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கு. படுக்கையில் விழுந்த ஆதரவற்றவர்களுக்குக் கோல கூபு பாருவில் ரூமா ஏசான் உண்டு. சம்பாதிக்கும் பிள்ளைகள் இருக்கிற அம்மாவுக்கு அங்கே இடம் கேட்பது நியாயமில்லை. வருமான வரி கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வருடம் 8 ஆயிரம் வெள்ளி வரை கழிவு உண்டு. மருத்துவரின் உறுதிக் கடிதம் வேண்டும், ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் துடைத்தபோது நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் கிடைத்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்று எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் ஆரம்பித்த சங்கம். ஒரு தோட்டத் தொழிலாளி மாதத் தவணையில் பணம் கட்டி வாங்கிய பங்கு! நெஞ்சு நிறைந்துபோனது. வாரிசு இடத்தில் அப்பா பெயர். இறந்து 16 வருடம் ஆகிவிட்ட அப்பா.

அன்று ராத்திரியே என் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். என் வாரிசாகவும் அம்மா பெயர்தான் இருந்தது, கல்யாணத்துக்கு முன் எழுதியது. உயிலில் என்ன எழுதினாலும் சேமநிதிப் பணம் அங்கே பெயர் கொடுத்தவருக்குத்தான் போகும். மறுநாளே மாற்றிவிட்டேன்.

உயிலும் எழுதினேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும். கையெழுத்துப் போட வந்து நின்றவர் தங்கச்சி வீட்டுக்காரர். என் நகையில் கொஞ்சம் தங்கச்சிக்கு எழுதியிருந்தேன். பலன் பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால், அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். நல்லவேளை, பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை எடுத்துச் சொன்னார். அவரும் அவர் கணவரும் சாட்சி போட்டார்கள்.

உன் வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடு என்று சிலர் சொன்னார்கள். 2023 ஏப்ரலிலிருந்து பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வீட்டுக்கு முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்புவரை முத்திரை வரி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் நான் மாற்றப் போவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு மருமகள் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்கும் மூன்று பாட்டிகளை இந்தத் தாமானிலேயே எனக்குத் தெரியும். என் வீடு என் கடைசிச் செலவுக்கு இருக்கட்டும், மிஞ்சினால் அவர்களுக்கு.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்திருந்தபோது உட்காரவைத்துப் பேசினேன். எனக்கு அம்மா மாதிரி ஆனால் யாரும் வேலையை விடக் கூடாது. இல்லத்தில் சேருங்கள். மகள் பெயரைச் சேர்த்துத் திறந்திருக்கும் கணக்கிலிருந்து முதலில் எடுங்கள், போதாவிட்டால் மாடி அறையை வாடகைக்கு விடுங்கள். மகள் அழுதாள், தீபாவளி அன்று இந்தப் பேச்சு வேண்டாம் என்றாள். மகன் ஒன்றும் பேசாமல் ஒரு தாள் எடுத்து நான் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதினான். சட்டத்தில் அந்தத் தாளுக்குப் பலம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கீழே தேதி போட்டு, கை நடுங்காமல், முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.