நீலச் சதுரமும் ஒரு பை நிறையச் சில்லறையும்

சீனாவின் குவாங்சௌ விமான நிலையத்திலிருந்து டாக்ஸி விடுதி வாசலில் வந்து நின்றபோது மீட்டர் 140 யுவானைத் தாண்டியிருந்தது. நள்ளிரவு பன்னிரண்டேகால். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் கைபேசியில் பணம் கட்டும் இரண்டு சீனச் செயலிகளின் க்யூஆர் சதுரங்கள்: பச்சை வீசாட்டுக்கு, நீலம் அலிபேக்கு. நீலத்தை ஸ்கேன் செய்து தொகையைப் போட்டேன். வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'பணம் செலுத்த முடியவில்லை' என்றது. மறுபடி முயன்றேன். அதே பதில்.

கையில் இருந்தவை எல்லாம் நூறு யுவான் தாள்கள். சீனாவில் அதைவிடப் பெரிய நோட்டே கிடையாது. இரண்டை நீட்டினேன். ரொக்கத்தை வாங்க மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி, அவரும் மறுக்கவில்லை. ஆனால் மீதி கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. சட்டைப்பை, கதவுப் பை, இருக்கையின் அடி என்று எல்லா இடத்திலும் துழாவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் விடுதி வரவேற்பில் இருந்த பையன் வெளியே வந்து, தன் கைபேசியில் அவருக்குப் பணம் கட்டிவிட்டு, என் இருநூறை வாங்கிக்கொண்டு மேஜை டிராயரிலிருந்து மீதியை எண்ணிக் கொடுத்தான்.

திருப்பூரில் டீக்கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பழகியவன் நான். பட்டன், ஜிப், லேஸ் கொள்முதலுக்காக முதல்முறை சீனா போகிறோம், அங்கேயும் இப்படித்தானே என்று நினைத்தேன். இப்படித்தான், ஆனால் நம் யுபிஐ அங்கே எடுபடவில்லை. வீசாட் 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் ஒன்று என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. சிங்கப்பூரில் விமானம் மாறும் இடைவெளியில் அலிபேயை இறக்கி, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் கொடுத்து, என் வங்கியின் வீசா அட்டையைச் சேர்த்திருந்தேன். 'சேர்க்கப்பட்டது' என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலைதான் கோளாறு பிடிபட்டது. அது சீனாவில் இல்லை, என் சொந்த வங்கிச் செயலியில் இருந்தது. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாகத் தரும் அட்டை வெளிநாட்டில் செல்லாது. நாமேதான் திறந்துவிட வேண்டும். நானும் திறந்திருந்தேன். ஆனால் கடையில் தேய்ப்பதற்கு ஒரு பொத்தான், ஏடிஎம்முக்கு ஒன்று, இணையவழிப் பரிவர்த்தனைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. டாக்ஸியில் உட்கார்ந்து நேரில் கொடுத்தாலும், அலிபே வழியாகப் போகும் பணம் வங்கியின் கணக்கில் இணையவழிதான். அந்தப் பொத்தான் மட்டும் அணைந்து கிடந்தது. அதை இயக்கியதும் ஓடிபி வந்தது, முதல் தண்ணீர்ப் பாட்டில் மூன்று யுவானுக்குக் கைக்கு வந்தது. இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஓடிபி வருவதோடு, விடுதியின் வைஃபையில் திறக்காத கூகுளும் வாட்ஸாப்பும் அதில் திறக்கும்.

அதன் பிறகு சோங்டா துணிச் சந்தையில் மூன்று நாள் சிக்கல் இல்லாமல் ஓடியது. கடைக்காரர் தொகையைச் சொல்வார், நாம் ஸ்கேன் செய்ய வேண்டும், அல்லது நம் திரையை அவர் ஸ்கேன் செய்வார். இத்தனை யுவான் வந்தது என்று கடையில் உள்ள ஒலிப்பெட்டி பெண் குரலில் கத்தும். நம்மூர்ப் பெட்டியின் அக்காதான், மொழி மட்டும் வேறு. ஒரே ஒரு விஷயம் பர்ஸைக் கடிக்கும்: வெளிநாட்டு அட்டையில் 200 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் மூன்று சதவீதம். போதாக்குறைக்கு என் வங்கி மூன்றரை சதவீதம் தனியாக எடுத்துக்கொள்கிறது. பட்டன் மாதிரிகளுக்கு 380 யுவான் என்றபோது, கால்குலேட்டரில் 190ஐ இரண்டு முறை காட்டினேன். அந்தக் கடைக்கார அம்மா கேள்வியே கேட்காமல் தலையாட்டினார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ! பெரிய ஆர்டருக்கு இதெல்லாம் சரிப்படாது. அது வங்கி வழியாகப் போக வேண்டியது.

அடி வாங்கியது தெருவோரத்தில்தான். மெட்ரோ வாசலில் ஒரு பாட்டி, இழுப்பறை போன்ற தட்டுகளில் அரிசி மாவை ஊற்றி, ஆவியில் வேகவைத்து, சுரண்டிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழுக்கட்டை மேல்மாவைத் தகடாக்கியது போல இருந்தது. எட்டு யுவான். வண்டியில் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் போகவில்லை. அது கடைக் கணக்கு இல்லை, பாட்டியின் சொந்தக் கணக்கு. என் வெளிநாட்டு அட்டையிலிருந்து வணிகருக்குத்தான் பணம் போனது, தனிநபருக்கு அனுப்ப முடியவில்லை. விடுதிப் பையன் கொடுத்த பத்து யுவான் தாள் அங்கே மானத்தைக் காப்பாற்றியது. பாட்டி பிஸ்கட் டப்பாவிலிருந்து இரண்டு நாணயம் எடுத்துக் கொடுத்தார். அன்றே ஒரு வங்கிக் கிளைக்குப் போய் ஐநூறு யுவானைப் பத்தும் ஐந்துமாக மாற்றிக்கொண்டேன்.

டாக்ஸிக்குத் தெருவில் கைகாட்டுவதையும் விட்டுவிட்டேன். அலிபேக்குள்ளேயே டாக்ஸி அழைக்கும் டிடி சேவை இருக்கிறது. போகும் இடத்தை ஆங்கிலத்தில் போடலாம், கட்டணத்தையும் அதிலேயே கட்டிவிடலாம். ஏறியதும் ஓட்டுநர் ஏதோ கேட்டார். வழி கேட்கிறார் என்று நினைத்து விடுதி அட்டையைக் காட்டினேன். அவர் விடவில்லை, தன் கைபேசியைத் தட்டித் தட்டிக் காட்டினார். என் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வேண்டுமாம். சரியான ஆளைத்தான் ஏற்றியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள. எட்டுக்கு இரண்டு கையிலும் விரல்களை விரித்தேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் துப்பாக்கி போல நீட்டி, 'இதுதான் எட்டு' என்பது போலக் காட்டினார். ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும். பத்து வரை ஒற்றைக் கையிலேயே எண்ணுகிறார்கள். சந்தையில் விலை பேச அது பிறகு மிகவும் உதவியது.

ரசீதை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். 'ஃபாபியாவ்' என்றால் போதும், தெரு டாக்ஸியில் மீட்டர் பக்கத்திலிருந்தே அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்தவற்றையும் கடை ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்தேன். மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதில் எது டாக்ஸி, எது பட்டன்?" என்றார். உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு எதுவென்று எனக்கே தெரியவில்லை.