எதிராளிக்கும் ஒத்துவரும் ஆள்

கொள்ளுப்பிட்டியில் நான் முன்பு வேலை செய்த அலுவலகம் இணையத்தில் ஒரு சமையல் குழுவை நடத்தியது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, லண்டன், டொரொண்டோ என்று எல்லா இடத்து ஆட்களும் இருந்தார்கள். சமையலில் என்ன பெரிய சண்டை வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். காயவைத்த பனங்கிழங்கின் மாவில் செய்கிற ஒடியல் கூழில், ஒருவர் கோதுமை மாவு கரைத்து ஊற்றிப் படம் போட்டார். அன்று இரவுக்குள் பேச்சு கூழை விட்டு ஊருக்கும், ஊரை விட்டு வீட்டுக்காரருக்கும் போய்விட்டது. டொரொண்டோவில் இரவுச் சாப்பாடு முடிந்து சண்டை சூடு பிடிக்கும்போது கொழும்பில் விடியற்காலை ஐந்தரை. குழுவைப் பார்த்துக்கொண்டது நான்தான், ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை.

பிணக்குத் தீர்க்கத் தொண்டர்கள் ஐந்து பேரை எடுத்தோம். அதிகம் எழுதியவர், அதிக விருப்பு வாங்கியவர் என்று பார்த்து எடுத்தது என் பிழை. அதிகம் எழுதியவர்தானே அதிகம் சண்டையும் பிடித்திருப்பார்! அவர்களில் ஒருவர் தன்னோடு ஒத்துப்போகாதவர்களின் பதில்களை எல்லாம் நீக்கத் தொடங்கினார். அவரைப் பொறுப்பிலிருந்து நிறுத்தினேன். அப்புறம் அவருடைய ஆட்கள் எனக்கு எதிரிகள்.

வெள்ளவத்தையில் இருக்கும் பெரியப்பாவிடம் புலம்பினேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், மத்தியஸ்த சபையில் சம்பளமில்லாமல் இருந்தவர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைகள் அவை. வேலிச் சண்டை, கடன் சண்டை என்று பலதும் அங்கே வரும்.

"தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அதிகாரமே இல்லை, பிள்ளை. இரண்டு பேரையும் கதைக்க வைக்கிறதுதான் வேலை. சரிவராவிட்டால் சரிவரவில்லை என்று சான்றிதழ் குடுத்து அனுப்புவோம்" என்றார். மத்தியஸ்தரை யார் போடுவது என்று கேட்டேன். ஆளுக்கொருவரைப் பட்டியலிலிருந்து இரண்டு தரப்பும் தெரிவு செய்யும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தலைவராக்குவார்கள் என்றார்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களின் சண்டைகளைத் தீர்க்கும் நடுவர் குழுவின் தேர்தலையும் பார்த்தேன். 2004இல் தொடங்கிய குழு, 2009 முதல் இரகசிய வாக்கு. அங்கே ஒருவரை 'வேண்டாம்' என்றும் வாக்களிக்கலாம். விருப்பை மட்டும் எண்ணிய எனக்கு அது உறைத்தது.

அடுத்த முறை விண்ணப்பத்தில் ஒரு கேள்விதான் வைத்தேன்: 'இந்தக் குழுவில் நீங்கள் யாரோடு சண்டை பிடித்தீர்கள்?' "யாரோடும் இல்லை" என்றவர்களை ஒதுக்கினேன். (ஒருவர் ஏழு பேரின் பெயரைத் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு அனுப்பினார், அவரையும்தான்.) மற்றவர்களின் எதிராளிகளிடம் நேரே கேட்டேன். மட்டக்களப்பு அக்கா ஒருவரைப் பற்றி அவருடைய எதிராளி சொன்னது: "வாய்க்காரி. ஆனால் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லேக்க மாத்திச் சொல்லமாட்டா." வேறு தகுதி எதுவும் பார்க்காமல் அவரை எடுத்தேன்.

சில மாதம் கழித்து, நான் நிறுத்திய அந்த மனிதர் என் மேலேயே முறைப்பாடு போட்டார். யார் விசாரிக்க வேண்டும் என்ற இடத்தில் அக்காவின் பெயர். அக்கா இருவரையும் ஒரு மணித்தியாலம் கதைக்க வைத்தார். அவரை நிறுத்தியது சரி, ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தியது பிழை என்று கடைசியில் நானே ஒப்புக்கொண்டேன். அந்த மனிதர் பொறுப்புக்குத் திரும்பவில்லை. போன மாதம் கூழ் படம் போட்டிருந்தார், அரிசி போட்டு.