மீட்டர் 14.2 காட்டியது

"மிசினு சொல்றது கெடக்கட்டும் தம்பி. நீ என்ன சொல்ற?"

போன சீசனில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது. பார்ச்மென்ட் மூட்டைகளைத் திண்ணையோரம் இறக்கியிருந்தார். பழத்தோல் போய் உள்தோலோடு காயவைத்த காப்பிக்கொட்டைதான் பார்ச்மென்ட். ஒவ்வொன்றிலும் கைவிட்டு அடியிலிருந்து அள்ளி ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டேன். 14.2. அடுத்தது 13.8. மறுபடியும் 14.2. நான் எடுப்பது 11 சதம் ஈரம் வரைதான். "பதினாலு காட்டுதுங்கய்யா" என்றேன். அதற்குத்தான் அப்படிக் கேட்டார். நான் மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

சென்னையில் கொள்முதல் பிரிவில் இருந்தபோது எனக்கு இதுதான் வேலை. சரக்கு அளவுக்குள் இல்லையா, 'ரிஜெக்ட்' அழுத்தினால் மெயில் தானாகப் போய்விடும். சப்ளையர் போனில் கெஞ்சினால் "சிஸ்டம் எடுத்துக்கலை சார்" என்போம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு முகம் கிடையாது. இப்போது காப்பி வாங்கி வறுத்து விற்கும் இந்தத் தாண்டிக்குடி மலையில் அப்படி நடக்காது. இன்று திருப்பி அனுப்பிய ஆளோடு நாளைக் காலை அதே வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார வேண்டும்.

செய்தது தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஈரக்கொட்டையை மூட்டை கட்டி அடுக்கினால் பூசணம் பிடிக்கும், பக்கத்து மூட்டைக்கும் ஏறும். எவ்வளவு கறுக்க வறுத்தாலும் அந்த மக்கல் வாடை டம்ளர்வரை வரும். ஒருமுறை முகம் சுளித்த வாடிக்கையாளர் திரும்ப ஆர்டர் போடுவதில்லை. சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் ஈரம் அவர் குற்றமா? குடகில் பறிப்புக் காலம் பெரும்பாலும் வெயிலில் முடிந்துவிடும். நம் மலையிலோ பழம் சிவக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கிறது. பழுத்தது செடியில் காத்திருக்காது. பறித்த அன்றே பழத்தோலை உரிக்கும் பல்ப்பரில் விட்டு, ராத்திரி ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவிக் காலையில் பரப்பினால், மத்தியானத்துக்குள் மஞ்சு இறங்கிவிடும். தார்ப்பாயை இழுத்து மூடு, விரி, திரும்ப மூடு. சிமென்ட் களம் வைத்திருப்பவர்களே திண்டாடுகிறார்கள். அவருக்கு வாசல்தான் களம்.

வேறு வழி இருந்தது. அதுதான் உறுத்துகிறது. 14 சதம் ஈரத்தை 11-க்கு இறக்கினால் 100 கிலோவுக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ எடை குறையும். அதைக் கழித்துக்கொண்டு வாங்கி, என் களத்தில் காயவைத்திருக்கலாம். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு முடித்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. களத்தில் இடமில்லை என்று வீட்டில் சொன்னேன். நெருக்கிப் பரப்பியிருந்தால் இடம் இருந்திருக்கும். ஒருத்தரிடம் எடுத்தால் நாளைக்கு எல்லோரும் ஈரமாகவே கொண்டுவருவார்கள் என்றும் சொன்னேன். இது முழுப் பொய்யில்லை.

அன்று சாயங்காலமே கீழேயிருந்து வந்த வியாபாரி அந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு கொட்டையைத் தோலுரித்துப் பல்லில் கடித்துப் பார்த்தாராம். எடை கழித்தார், விலையையும் என்னைவிடக் குறைத்துத்தான் கொடுத்தார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு அற்ப நிம்மதி வந்தது. பிறகுதான் தெரிந்தது, ஆடி மாதம் உரத்துக்கும் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர்தான். என் பாக்கெட்டில் 'இடைத்தரகர் இல்லாமல், விவசாயியிடமிருந்து நேரடியாக' என்று அச்சடித்திருக்கிறேன். நல்ல வாசகம் என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள்.

முன்பணம் கொடுத்தவர் விலையில் அதைப் பிடித்துக்கொள்வார், நான் பிடிப்பதில்லை. அப்படிப் பார்த்தால் நான்தான் நியாயமானவன். நியாயமானவனைத் தேடி அந்தப் பெரியவர் ஆடி மாதம் ஏன் வரவில்லை என்று யோசித்தால் அந்த நினைப்பு நிற்கமாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் ஒரு விதி வைத்தேன்: 13 வரை எடுப்பேன், எடை கழிப்பேன், அதற்கு மேல் கிடையாது. எழுதிக் கதவில் ஒட்டியும் வைத்தேன். ஒட்டிய வாரமே ஒரு அம்மா 14-க்கு மேல் கொண்டுவந்தார். மீட்டரை அவர் பக்கம் திருப்பாமல் எடுத்துக்கொண்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை, கெஞ்சவுமில்லை. மழை பிடிக்கப்போகிறது, சீக்கிரம் தராசில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இவரிடம் எடுத்ததை அவரிடம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. பெரியவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் பார்த்தால் மிளகு விலை விசாரிக்கிறார். காப்பி பற்றிப் பேச்சில்லை. இந்த முறை பறிப்பு முடிந்துவிட்டதா என்று நானும் கேட்கவில்லை.