எட்டுப் பக்கக் கதையும் ஒரு கடன் சீட்டும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்துகிற ஆட்டத்தில் நான் முதன்முதலாக உருவாக்கிய கேரக்டருக்கு எட்டுப் பக்கத்தில் கதை எழுதி வைத்திருந்தேன். கூலிக் கொலைகாரன். அப்பா அம்மா செத்துவிட்டார்கள், கூட்டாளி யாரும் இல்லை, எவனையும் நம்பமாட்டான், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

முதல் நாள் விளையாட்டில் ஊர்த்தலைவர் வந்து உதவி கேட்கிறார், மற்ற மூன்று பேரும் உடனே கிளம்பிவிட்டார்கள், என் ஆள் மட்டும் மூலையிலேயே இருந்தான், ஏனென்றால் அவன் அப்படிப்பட்டவன்தானே. கதையை நடத்துகிற எங்கள் ஜிஎம் அண்ணன் தூண்டில் போட்டுப் பார்த்தார். உன் பழைய கூட்டாளி ஒருவன் அங்கே மாட்டியிருக்கிறான் என்றார், எனக்குக் கூட்டாளியே இல்லை என்றேன். சரி, பணம் தருவார்களாம் என்றார், என் ஆளுக்குப் பணத்தாசை இல்லை என்றேன். அண்ணன் எழுந்து போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "தம்பி, உன் ஆளைப் பிடிச்சு இழுக்கணும்னா எங்கே பிடிக்கிறது, சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு பெர்ரியில் பட்டர்வொர்த் திரும்பும்போது கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது, இப்போதும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆளுக்கு ஒரு கேரக்டர், கதையை நடத்த ஒரு கேம் மாஸ்டர் (அதுதான் ஜிஎம்), முடிவு சொல்ல இருபது முகப் பகடை. அவ்வளவுதான்.

அடுத்த கதையை அண்ணன் இங்கே பினாங்கிலேயே வைத்தார். 1930களின் ஜார்ஜ் டவுன், துறைமுகம், கூடவே பேய் பிசாசு. இந்தத் தடவை நான் அரைப் பக்கம்தான் எழுதினேன். என் ஆள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவன், ஆனால் ஏறியது இன்னொருவன் பெயரில். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில், அதாவது செட்டியார் வட்டிக்கடையில், கடன், அதற்கு ஜாமீன் போட்டவர் அக்காள் புருஷன். கப்பலில் ஒரு கிழவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, கரையில் ஆள் வந்து வாங்கிக்கொள்வான் என்றார், யாரும் வரவில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் எழுதவில்லை. "அது உங்களுக்குத்தான் அண்ணே" என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் முகமே மலர்ந்துபோனது. இரண்டாவது வாரமே கிட்டங்கியில் உதவிக்கு இருக்கும் அடுத்தாள் என் ஆள் வாசலில் வந்து நின்றான், வட்டி கேட்க அல்ல, ராத்திரியில் கணக்குப் புத்தகத்தில் தானாக எழுத்து மாறுகிறது, வந்து பார் என்று கூப்பிட. நான் முறைத்துக்கொண்டு மூலையில் உட்கார முடியுமா? ஜாமீன் போட்டவர் மச்சான் ஆயிற்றே! பொட்டலத்தை அவர் ஐந்து மாதம் பொத்தி வைத்திருந்து, தைப்பூசத்து வெள்ளி ரதம் புறப்படுகிற இரவில் பிரிக்க வைத்தார். உள்ளே இருந்ததைச் சொல்லமாட்டேன், எங்கள் மேசையில் இன்னும் ஆட்டம் முடியவில்லை.

அப்புறம் எண்கள். கேரக்டரின் ஆறு குணங்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்று பிரித்துப் போடும் ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் 15 எங்கே என்றுதான் பார்ப்பார்கள், நான் 8 எங்கே என்று பார்ப்பேன். வசீகரத்தில் 8 போட்டவன் பேச்சால் ஒருவரை மசிய வைக்கப் பார்த்தால், நடுத்தரச் சவாலான 15ஐத் தொட, பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், நாலில் ஒரு தடவைதான் நடக்கும். வசீகரத்தில் 15 போட்டு, பேச்சில் பயிற்சியும் எடுத்தவனுக்கு 11 போதும், பாதிக்குப் பாதி. ஆக, ஆட்டத்தில் நிறையப் பேச ஆசை என்றால் அங்கே 8 போடாதீர்கள், சொதப்பிச் சிரிப்பதுதான் ஆசை என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஜிஎம்மிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். நாசி கண்டார் சோற்றுக் கடையில் விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரிதான் இது. எந்த மீன், எந்தக் கோழி என்று காட்டுவது நாம், குழம்பை எவ்வளவு பஞ்சிர் பண்ணுவது, அதாவது வெள்ளமாக ஊற்றுவது, என்பது கடைக்காரர் கை. ஒன்றையுமே காட்டாமல் தட்டோடு நின்றால் அவர் என்னதான் ஊற்றுவார்?

இதில் ஜிஎம் தப்பும் உண்டு, என் தப்பையே சொல்கிறேன். போன வருடம் நான் ஒரு துப்பறியும் கதை நடத்தினேன். ஒரு நண்பர் கோடாரி தூக்கிய முரட்டு வீரனோடு வந்தார். இந்தக் கதையில் சண்டை குறைவு என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று "ஓகே லா" என்றுவிட்டேன். நாலு வாரம் அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார், ஐந்தாவது வாரம் வேலை இருக்கிறது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போதெல்லாம் விளையாட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் மாமாக் கடையில் உட்கார்ந்து பேசியே தீர்த்துவிடுகிறோம்: இதில் சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு, யாருக்கு எது வேண்டவே வேண்டாம். எங்களில் ஒருவருக்குக் குழந்தைகள் சாகிற காட்சி ஆகாது, அதனால் எங்கள் கதைகளில் அது வராது, காரணம் யாரும் கேட்பதில்லை.

அடுத்த ஞாயிறு அக்காள் மகன் எங்களோடு சேர்கிறான், பதினாறு வயது. வாட்ஸப்பில் மூன்று பக்கம் அனுப்பியிருக்கிறான்: அநாதை, கறுப்பு அங்கி, யாரையும் நம்பமாட்டானாம். படித்துச் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "சரிடா, இவனோட அத்தை இப்போ எங்கே இருக்காங்க?" நம்மில் அத்தை சித்தப்பா இல்லாத அநாதை எங்கே இருக்கிறான்?

நேற்று ராத்திரியிலிருந்து நீல டிக் மட்டும்தான் தெரிகிறது.